தாலி கட்டும் நொடிக்கு எத்தனை ஜூல்?

கெட்டிமேளம் முழங்குகிறது. மணமகன் கையில் தாலி. பெரியவர்கள் எழுந்து நின்று அட்சதை தூவுகிறார்கள். முதல் முடிச்சு விழுந்து, நாத்தனார் கைக்குப் போகும்வரை மொத்தம் பத்து நொடி இருக்கலாம். சரியாக அந்த நேரத்தில் புகைப்படக்காரர் பொத்தானை அழுத்துகிறார், ஃபிளாஷ் எரியவில்லை. அதன் பின்புறம் சிறு விளக்கு இன்னும் சிவக்கவில்லை, மின்னூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று நொடி கழித்து ஏறிவிடும். ஆனால் அதற்குள் முடிச்சு போட்டாகிவிட்டது. "இன்னொரு தடவை கட்டுங்க" என்று யாரிடமும் கேட்க முடியாது.

புக்கிட் தெங்காவில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வார நாள்களில் இருவருக்கும் தொழிற்பேட்டையில் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கலாம் என்று நினைக்கிறார்கள். இந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாம், அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பாலம் தாண்டினால் தீவு. வாரம்தோறும் எங்காவது ஒரு கல்யாணம் இருக்கும். கேமரா இரண்டு வாங்கிவிட்டார்கள். கையில் மிச்சம் இருக்கும் பணம் கொஞ்சம். "எந்த ஃபிளாஷ் வாங்கலாம்?" என்பதுதான் இப்போது கேள்வி.

கடைக்காரர் ஒன்று சொல்வார், நண்பர் ஒன்று சொல்வார், விளம்பரம் வேறொன்று சொல்லும். கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியலைத் தூசி தட்டி எடுத்தால், இந்தக் கேள்விக்குத் தம்பதியே பதில் கண்டுபிடிக்கலாம். அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

வெடிமருந்திலிருந்து செனான் வரை

செயற்கை வெளிச்சத்தில் படம் எடுக்கும் ஆசை, புகைப்படக் கலை அளவுக்கே பழையது. 1887-இல் ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் மீத்தே, யோஹன்னஸ் கேடிக்கே ஆகிய இருவரும் மெக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட் கலந்து ஒரு வெளிச்சத் தூளை உருவாக்கினார்கள். தட்டில் கொட்டிப் பற்ற வைத்தால் கண்ணைப் பறிக்கும் ஒளி. கூடவே புகை, சில நேரம் தீக்காயம். 1929 வாக்கில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் ஃபிளாஷ் பல்பு சந்தைக்கு வந்தது. ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். அடுத்த படத்துக்குப் புதுப் பல்பு மாட்ட வேண்டும்.

இன்று நாம் பயன்படுத்தும் மின்னணு ஃபிளாஷின் வழி, 1931-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஹரோல்ட் எட்கர்ட்டன் செய்த ஆய்வுகளோடு தொடங்குகிறது. வேகமாகச் சுழலும் மோட்டார்களை நிற்பதுபோல் காண வேண்டும் என்பதற்காக அவர் மின் பாய்ச்சலால் ஒளிரும் வாயுக் குழாயைப் பயன்படுத்தினார். பால் துளி விழுந்து கிரீடம்போல் எழும் அவருடைய புகழ்பெற்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான் இன்று நம் கேமரா தலையில் உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். நான்கு பேட்டரிகளின் ஐந்து வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தை ஒரு சுற்று சுமார் 300 வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. அந்த மின்னூட்டம் ஒரு மின்தேக்கியில் சேர்கிறது. பொத்தானை அழுத்தியதும், சில ஆயிரம் வோல்ட் அளவுள்ள ஒரு சிறு தூண்டல் துடிப்பு செனான் வாயுவை மின்கடத்தியாக மாற்றுகிறது. உடனே மின்தேக்கியில் இருந்ததெல்லாம் குழாய் வழியே பாய, வெள்ளை ஒளி வெடிக்கிறது. வீட்டுக் கூரையில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் ஒரே மூச்சில் கொட்டும். ஆனால் மறுபடி நிரம்ப நேரம் வேண்டும். அந்த நிரம்பும் நேரத்தில்தான் மேலே சொன்ன தாலிப் படம் தவறிப்போனது.

எண்களோடு ஒரு கணக்கு

1,400 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 330 வோல்ட். ஆற்றல் என்பது மின்தேக்குத்திறனில் பாதி பெருக்கல் மின்னழுத்தத்தின் இருமடி. கணக்குப் போட்டால் சுமார் 76 ஜூல் வருகிறது. கேமரா தலையில் மாட்டும் வழக்கமான ஃபிளாஷின் முழு வலு ஏறக்குறைய இவ்வளவுதான்.

இனி பேட்டரி. 2,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மறுமின்னேற்ற ஏ.ஏ. பேட்டரி நான்கில் சுமார் 34,500 ஜூல் இருக்கிறது. அதில் பாதி வெப்பமாகவும் சுற்றிலும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், முழு வலுவில் சுமார் 225 முறை அடிக்கலாம். ஒரு கல்யாணத்தில் ஆயிரம் படத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு இது போதாது.

ஆனால் முழு வலுவில் அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எட்டில் ஒரு பங்கு வலுவில் அடித்தால், மின்தேக்கி ஒருமுறை நிரம்பியதிலேயே ஏழெட்டு முறை அடிக்கலாம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிரம்ப வேண்டியதும் எட்டில் ஒரு பங்குதான். முழு வலுவில் இரண்டரை நொடி காத்திருக்கும் ஃபிளாஷ், இப்போது மூன்றில் ஒரு நொடியில் தயாராகிவிடும். பத்து நொடித் தாலி கட்டில் முழு வலுவில் அதிகபட்சம் ஐந்து படம். எட்டில் ஒரு பங்கில் இருபத்தைந்து முப்பது படம். எந்த ஃபிளாஷ் வாங்குவது என்பதற்கு முன்பாகவே, அதை எத்தனை வலுவில் இயக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பலாமா?

ஃபிளாஷ் பெட்டியில் "வழிகாட்டு எண் 60" என்று பெரிதாகப் போட்டிருக்கும். வழிகாட்டு எண்ணைத் துளை எண்ணால் வகுத்தால், எத்தனை மீட்டர் தூரம் வரை ஒளி போதும் என்று தெரியும். 60-ஐ எஃப் 4-ஆல் வகுத்தால் 15 மீட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 60, ஃபிளாஷ் தலையை 200 மில்லிமீட்டர் லென்சுக்கு ஏற்றபடி குறுக்கி அளந்த எண்ணாக இருக்கும். கைவிளக்கின் ஒளிக்கற்றையைக் குறுக்கினால் தூரம் போகும், விரித்தால் குறையும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கல்யாண வீட்டில் நாம் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் அளவு அகலக் கோணத்தில் படம் எடுப்போம். அந்தக் கோணத்தில் அதே ஃபிளாஷின் எண் 36-க்கு அருகே இறங்கிவிடும். வேறொரு கடையில் "வழிகாட்டு எண் 58, 105 மில்லிமீட்டரில்" என்று போட்டிருந்தால், அது 60-ஐவிடச் சிறியது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கோணத்தில், எந்த ஐ.எஸ்.ஓ.-வில் அளந்தது என்பதைப் பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிடக் கூடாது.

கூரையை அளந்து பாருங்கள்

ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்தால் நெற்றி பளபளக்கும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். ஒளி மூலம் சிறிதாக இருந்தால் நிழலின் ஓரம் கத்திபோல் கூர்மையாக இருக்கும். மூலம் பெரிதானால் நிழல் மென்மையாகும். அதனால்தான் அனுபவசாலிகள் ஃபிளாஷ் தலையைக் கூரையை நோக்கித் திருப்புகிறார்கள். கூரையில் விழுந்த ஒளி ஒரு பெரிய வட்டமாகப் பரவி, அந்த வட்டமே விளக்காக மாறிவிடுகிறது.

இதற்கு விலை உண்டு. வீட்டில் கூரை 3 மீட்டர் உயரம், மணமகள் 3 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றால், ஒளி கூரைக்கு ஏறி முகத்துக்கு இறங்கும் பாதை சுமார் 4.1 மீட்டர். வெள்ளைக் கூரையே ஆனாலும் ஒளி பல திசையில் சிதறுவதால், கால் பங்குதான் முகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப் 4 துளையில், ஐ.எஸ்.ஓ. 100-இல் எடுத்தால் கிட்டத்தட்ட ஃபிளாஷின் முழு வலுவும் தேவைப்படும். ஐ.எஸ்.ஓ.-வை 800-க்கு உயர்த்தினால், அதே படத்துக்கு எட்டில் ஒரு பங்கு வலு போதும். இன்றைய கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. 800 என்பது பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. ஒரு பொத்தானைத் திருப்பியதில் பேட்டரி எட்டு மடங்கு நாள் உழைக்கும். காத்திருக்கும் நேரமும் எட்டில் ஒன்றாகும்.

இப்போது அதே தம்பதி, 8 மீட்டர் உயரக் கூரை கொண்ட பெரிய மண்டபத்துக்குப் போகிறார்கள். ஒளியின் பாதை சுமார் 13 மீட்டராகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பது எதிர் இருமடி விதி. இங்கே தூரம் 3.2 மடங்கு, ஆகவே ஒளி பத்தில் ஒன்று. ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தாலும் ஒவ்வொரு படத்துக்கும் பாதிக்கு மேல் வலு வேண்டும். பேட்டரி சூடேறும், காத்திருப்பு நீளும். கூரை பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் மணமகளின் முகமும் அந்த நிறத்தைப் பூசிக்கொள்ளும். இப்படிப்பட்ட மண்டபத்தில் விலை உயர்ந்த ஒரே ஃபிளாஷைவிட, தாங்கியில் குடையோடு நிற்கும் நடுத்தர ஃபிளாஷ் நன்றாக வேலை செய்யும். மணவறைக்கு 3 மீட்டர் தள்ளி, தலைக்கு மேலே குடை இருந்தால், ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 4-இல் பதினாறில் ஒரு பங்கு வலுவே ஏறக்குறையப் போதும்.

கல்யாணத்துக்கு முன்பே மண்டபத்தைப் போய்ப் பார்த்து, கூரையின் உயரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் எந்த விலையுயர்ந்த கருவிக்கும் ஈடாகும்.

இருபது பேர் நிற்கும் குடும்பப் படம்

இதே விதி உறவினர் கூட்டத்திலும் வந்து நிற்கும். ஃபிளாஷ் முன்வரிசைக்கு 2 மீட்டர் தூரத்தில், பின்வரிசைக்கு 3 மீட்டர் தூரத்தில் இருந்தால், பின்வரிசையில் நிற்கும் மாமாவுக்கு முன்வரிசையில் உட்கார்ந்த பாட்டிக்குக் கிடைப்பதில் 44 விழுக்காடுதான் ஒளி கிடைக்கும். விளக்கைப் பின்னுக்கு நகர்த்தி முன்வரிசைக்கு 5 மீட்டர், பின்வரிசைக்கு 6 மீட்டர் ஆக்கினால், பின்வரிசைக்கு 69 விழுக்காடு கிடைக்கும். வித்தியாசம் குறையும், முகங்கள் ஒரே சீராகத் தெரியும். பதிலுக்கு விளக்கின் வலு கூட வேண்டும். பெரிய குடும்பப் படங்களுக்காகவே 200 ஜூல் அளவுள்ள பெரிய பேட்டரி விளக்கு ஒன்றைப் பலர் வைத்திருக்கிறார்கள்; அது தலையில் மாட்டும் ஃபிளாஷைப்போல் இரண்டரை மடங்கு ஆற்றல் கொண்டது.

ஹோமத் தீயும் குத்துவிளக்கும்

ஃபிளாஷ் அடித்தால் ஹோமத் தீயின் செம்மை காணாமல் போகிறது என்று பலர் குறைப்படுவார்கள். காரணம் ஷட்டர் வேகம். ஃபிளாஷின் ஒளி மிகச் சிறிய நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஷட்டர் 60-இல் ஒரு நொடி திறந்திருந்தாலும், 200-இல் ஒரு நொடி திறந்திருந்தாலும் ஃபிளாஷின் பங்கு மாறாது. ஆனால் தீ, குத்துவிளக்கு, மண்டபத்து மின்விளக்கு ஆகியவற்றின் ஒளி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு ஏற்பக் கூடும். ஷட்டரை 60-க்கு இறக்கினால் தீயும் தெரியும், முகமும் தெரியும். முகத்துக்கு ஃபிளாஷ், சூழலுக்கு ஷட்டர் என்று இரண்டு கைப்பிடிகள் நம்மிடம் இருப்பதை மறக்க வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். 50-இல் அல்லது 100-இல் ஒரு நொடி வைத்தால் பெரும்பாலும் அது மறையும்.

ஹோமப் புகைக்குள் கேமராத் தலையில் உள்ள ஃபிளாஷை நேராக அடித்தால், புகை ஒளியைத் திரும்ப லென்சுக்கே சிதறடித்து வெண்திரை போட்டுவிடும். பக்கவாட்டில் உள்ள விளக்கில் இந்தத் தொல்லை குறைவு. புகையின் சுருள்களும் அழகாகத் தெரியும்.

பகலில் திறந்த வெளியில் எடுக்கும்போது வேறு சிக்கல். பெரும்பாலான கேமராக்களில் 200 அல்லது 250-இல் ஒரு நொடிக்கு மேல் ஷட்டரை வேகமாக்கினால், சென்சர் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. ஒரு பட்டை மட்டும்தான் நகரும். அதற்காக எச்.எஸ்.எஸ். என்ற முறையில் ஃபிளாஷ் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். வசதிதான், ஆனால் பயன்படும் ஒளி பெரிதும் குறையும். பினாங்கு நண்பகல் வெயிலை வெல்ல நினைத்துச் சிறிய ஃபிளாஷைத் திணறடிப்பதைவிட, மணமக்களை மர நிழலுக்கு அழைத்துப் போவது அறிவு.

முகத்தின் நிறம் யார் தீர்மானிப்பது?

ஃபிளாஷின் ஒளி நிறம் ஏறக்குறைய 5,500 கெல்வின். பகல் ஒளிபோல் வெண்மை. மண்டபத்து மஞ்சள் விளக்கு 3,000 கெல்வின் அளவில் இருக்கும். இரண்டையும் கலந்தால், முகம் சரியாக இருக்கும்போது பின்னணி ஆரஞ்சுப் பழமாகிவிடும். ஃபிளாஷ் முன்னால் மெல்லிய ஆரஞ்சு நிற வடிதாள் ஒட்டி, கேமராவின் வெண்சமநிலையையும் அதற்கேற்ப மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். பட்டுச் சேலையின் அரக்கு, தங்கத்தின் மஞ்சள், நெற்றிக் குங்குமம் மூன்றும் சரியாக வந்திருக்கிறதா என்று முதல் படத்திலேயே பாருங்கள்.

நிறம் பற்றிய கதை ஒன்று உண்டு. முன்பு படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனத்தின் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைநிறப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையைப் பயன்படுத்தின. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். பல இன முகங்கள் கொண்ட அட்டைகள் பின்னாளில்தான் வந்தன. அதன் பாதிப்பு நமக்கு விளங்குவது எளிது: கறுத்த முகம் கரியாகவோ சாம்பலாகவோ வந்த பழைய கல்யாணப் படங்கள் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

இன்றைய கேமராக்கள் முன்னேறிவிட்டன. ஆனாலும் டி.டி.எல். என்னும் தானியங்கி ஃபிளாஷ் அளவி, எதிரில் இருப்பதை நடுத்தர ஒளிப்பரப்பாக எண்ணிக் கணக்கிடுவதில் சாயும். மணமகன் வெள்ளை வேட்டி சட்டையில் படத்தை நிறைத்தால், ஒளி குறைத்துக் கொடுத்து முகத்தை இருட்டாக்கும். கறுப்புக் கோட்டில் நிறைந்தால் அதிகமாகக் கொட்டி முகத்தை வெளுக்கச் செய்யும். கறுத்த முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுவது மணமக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தூரம் மாறாத இடத்தில், அதாவது மணவறைக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்கும்போது, கைமுறை அமைப்பில் வலுவை நிறுத்திவிடுங்கள். முதல் படமும் நூறாவது படமும் ஒரே ஒளியில் இருக்கும். ஊர்வலத்தில், மக்கள் நெருங்கியும் விலகியும் வரும்போது டி.டி.எல். கைகொடுக்கும். கறுத்த சருமத்தில் பெரிய மென்மையான ஒளி விழுந்தால், கன்னத்தின் மினுமினுப்பு நகைபோல் அழகு சேர்க்கும். சிறிய கூர்மையான ஒளி எண்ணெய்ப் புள்ளியாகத் தெரியும்.

அட்சதை பறக்கும்போது அரிசி மணிகளைக் காற்றில் நிறுத்திக் காட்டவும் குறைந்த வலுதான் உதவும். முழு வலுவில் ஒளி ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி நீடிக்கலாம். மிகக் குறைந்த வலுவில், சுற்று ஒளியை இடையிலேயே வெட்டிவிடுவதால், அது பத்தாயிரத்தில் ஒரு நொடிக்கும் குறையும். வலு குறைந்தால் கூர்மை கூடும்.

கூட்டத்துக்கு நடுவே வானொலி அலை

தாங்கியில் உள்ள விளக்கை இயக்கப் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் பேசும் சிறு கருவி ஒன்று கேமராவில் இருக்கும். மனித உடலில் தண்ணீர் அதிகம்; இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சும். காலியான மண்டபத்தில் ஒழுங்காக வேலை செய்யும் கருவி, ஐந்நூறு பேர் எழுந்து நின்றதும் தடுமாறக் காரணம் அதுதான். தாங்கியைத் தலைகளுக்கு மேலே உயர்த்துங்கள். சேனலைத் தனியாக மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள மற்றொரு குழுவின் ஃபிளாஷ் ஒளியைக் கண்டதும் தானும் எரியும் ஒளித் தூண்டல் அமைப்பை அணைத்துவையுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியை மற்றவர் தின்றுவிடுவார். மலேசியாவில் இத்தகைய வானொலிக் கருவிகளுக்கு எம்.சி.எம்.சி. சான்று முத்திரை உண்டு. வாங்கும்போது அதைக் கேளுங்கள்.

சரி, எதை வாங்குவது?

இருவராக எடுக்கும் தம்பதிக்கு ஒரு வலிமை இருக்கிறது. மனைவி மணமகள் அறைக்குள் தடையின்றிப் போகலாம். அங்கே தாழ்ந்த வெள்ளைக் கூரை, நெருக்கம், நேரம் எல்லாம் இருக்கும். கணவர் மண்டபத்தில் தாங்கி விளக்கைப் பொருத்திச் சோதிக்கலாம். தாலி நேரத்தில் இருவரும் இரு கோணத்தில் நிற்கலாம். ஒருவருடைய ஃபிளாஷ் எரியாவிட்டாலும் மற்றவரிடம் படம் இருக்கும். கல்யாண வேலையில் இதைவிடப் பெரிய காப்பீடு இல்லை.

ஆகவே முதல் விதி: இருவரும் ஒரே நிறுவனக் கேமரா, ஒரே வகை ஃபிளாஷ், ஒரே பேட்டரி. சோனியின் ஃபிளாஷ் இணைப்பு, கேனன், நிக்கான் ஆகியவற்றின் இணைப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். கலந்து வாங்கினால் அவசரத்தில் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

இரண்டாவது: விலை உயர்ந்த ஒன்றைவிட, நடுத்தர விலையில் ஒரே மாதிரி மூன்று. இரண்டு கேமராக்களின் தலையில் இரண்டு, தாங்கியில் ஒன்று. ஒன்று பழுதானால் தாங்கி விளக்கைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். வானொலி வாங்கி உள்ளே பொருத்திய ஃபிளாஷாக இருந்தால் தனிப்பெட்டி மிச்சம். சீனாவின் ஷென்சென் நகரத்துக் கோடாக்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வகையைக் கேமரா நிறுவனங்களின் ஃபிளாஷைவிடக் குறைந்த விலையில் விற்கின்றன.

மூன்றாவது: ஏ.ஏ. பேட்டரியா, லித்தியமா? லித்தியம் அடுக்கு வேகமாக நிரப்பும், முழு வலுவில் ஐந்நூறுக்கு அருகே அடிக்கும். ஆனால் ஃபிளாஷின் விலை கூடுதல், அந்த அடுக்கு வேறெதிலும் பொருந்தாது. ஏ.ஏ. என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை மட்டும் வாங்குங்கள். கடையில் விற்கும் சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்கு உள்தடை அதிகம். அதிக மின்னோட்டம் கேட்டால் திணறும், நிரம்பும் நேரம் நீளும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் தானே மின்னூட்டம் இழப்பது மிகக் குறைவாக உள்ள வகையை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு பல நிறுவனங்கள் அதே வகையைச் செய்கின்றன. மூன்று ஃபிளாஷுக்கு நான்கு நான்காக மூன்று தொகுதி, மாற்றுக்கு மூன்று தொகுதி என்று 24 பேட்டரி வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் எண் ஒட்டி, எப்போதும் ஒன்றாகவே பயன்படுத்துங்கள். தாலி நேரத்துக்கு அரை மணி முன்பு புதுத் தொகுதி மாட்டுவதை வழக்கமாக்குங்கள்.

நான்காவது: பெரிய 200 ஜூல் விளக்கை முதலில் வாடகைக்கு எடுங்கள். இரண்டு மூன்று கல்யாணம் எடுத்த பிறகு அது அவசியமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆகவே முதல் கட்டத்தில் மூன்று ஃபிளாஷ், ஒரு வானொலிக் கருவி, ஒரு தாங்கி, ஒரு வெள்ளைக் குடை, மணல் பை, ஆரஞ்சு வடிதாள், 24 பேட்டரி, நல்ல மின்னேற்றி. இவ்வளவே போதும். மணல் பையை மட்டும் மறக்காதீர்கள். ஓடியாடும் குழந்தை மீது தாங்கி சாய்ந்தால் கல்யாண வீட்டின் மகிழ்ச்சியே கலைந்துவிடும்.

பழையது வாங்கினால்

பயன்படுத்திய ஃபிளாஷ் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்குமுன், முழு வலுவில் பத்து முறை அடித்துப் பாருங்கள். நிரம்பும் நேரம் கூடிக்கொண்டே போனால் வேண்டாம். குழாயின் இரு முனையும் கறுத்திருந்தால் நிறைய உழைத்த குழாய். படச்சுருள் காலத்து ஃபிளாஷ் சிலவற்றில் தூண்டல் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதைப் புதுக் கேமராவில் மாட்டினால் கேமரா பழுதாகலாம். அப்பாவின் அலமாரியில் கிடைத்தது என்று மாட்டிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். பழுதான ஃபிளாஷை வீட்டில் திறக்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிய பின்பும் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவு மின்னூட்டம் நின்றிருக்கும். அது இதயத்தையே தாக்கக்கூடிய அதிர்ச்சி. அதேபோல் விமானத்தில் ஜொகூர் கல்யாணத்துக்குப் போனால், தனி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

வீட்டிலேயே ஓர் ஒத்திகை

பல மாதம் பயன்படுத்தாமல் கிடந்த ஃபிளாஷின் மின்தேக்கியில் உள்ள மெல்லிய ஆக்சைடு படலம் தளர்ந்துவிடும். மாதம் ஒருமுறை முழு வலுவில் பத்துப் பன்னிரண்டு முறை அடித்து வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பேட்டரி முனைகள் பச்சை பூக்கும்; வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் நுழைந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். லென்சில் பனி படிந்து முதல் படங்கள் மங்கலாவதைத் தவிர்க்கலாம். தொடர்ந்து அடித்தால் ஃபிளாஷ் சூடாகித் தானாக நின்றுகொள்ளும். ஐம்பது படத்துக்கு ஒருமுறை மூச்சு விட விடுங்கள்.

கோவிலில் கர்ப்பக்கிரகத்தை நோக்கி ஃபிளாஷ் அடிக்கலாமா என்று முன்கூட்டியே குருக்களிடமும் நிர்வாகத்திடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், ஐ.எஸ்.ஓ.-வை உயர்த்தி விளக்கொளியிலேயே எடுக்கப் பழகியிருங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. முதல் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, இரவில், வரவேற்பறையில் கணவர் மணமகனாக நிற்கட்டும். ஒரு கயிற்றில் மஞ்சள் கட்டி, ஒரு நாற்காலியில் சேலை போர்த்தி, அதற்குத் தாலி கட்டட்டும். மனைவி படம் எடுக்கட்டும். பிறகு இடம் மாறுங்கள். எட்டில் ஒரு பங்கு வலுவில், பத்து நொடியில் எத்தனை படம் தெளிவாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டும்வரை திரும்பச் செய்யுங்கள். அட்சதைக்குப் பதில் வீட்டு அரிசி தூவலாம். விழுந்ததைக் கோழிக்குப் போட்டுவிடலாம்.

உண்மையான கெட்டிமேளம் முழங்கும் நாளில், விரல்களுக்குத் தெரியும். ஃபிளாஷின் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டியதே இருக்காது. மணமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.